சாரம் தேவையா என்று பார்க்கக் கட்டிய சாரம்

"உங்க அண்ணன் இதுக்கு முன்னாடி எத்தனை தடவை விழுந்திருக்காரு?"

சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கிளார்க் அம்மா அதைக் கேட்டார். கையில் பேனா, முன்னால் படிவம், படிவத்தில் ஒன்பதாவது கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருந்தது.

எதிரே நின்றவள் அண்ணனுக்காக வந்த தங்கை. வீட்டில் அவளுக்கு ஊமக்கோட்டான் என்று பெயர். பேர் என்ன என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறவள். "ஒரு தடவை," என்றாள், தன் கால் பெருவிரலிடம்.

"ஒண்ணா?" கிளார்க் அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "ஒண்ணு ரெண்டுங்கெட்டான் எண்ணும்மா. விழுந்ததே இல்லைன்னா ஆபத்தில்லாத ஆளுன்னு எழுதிடலாம், சாரம் தேவைப்படாது. மூணு தடவைன்னா வழக்கமா விழுறவரு, அவருக்கு வேலையே குடுக்கக் கூடாது. ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? குழுவுக்குத்தான் போகணும்."

அவளுடைய அண்ணன் பூச்சு வேலைக்காரன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஏணி நழுவி, இரண்டாவது மாடிச் சன்ஷேடிலிருந்து தரைக்கு வந்தவன் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தான். இடுப்பெலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாகக் கூடியது. அந்த ஐந்து மாதமும் அடுப்பு எரிய வேண்டுமே என்று இவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நின்று, அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போனாள். அண்ணன் எழுந்து நடந்துவிட்டான். இவள் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. ஆக, அந்த ஒரு தடவையில் விழுந்தது இரண்டு பேர். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அந்த அலுவலகத்துக்கு உயரப் பணிகள் ஒழுங்கு வாரியம் என்று பெயர். ஊரிலுள்ள பொதுக் கட்டடங்களில் யார் எவ்வளவு உயரம் ஏறலாம், எப்போது சாரம் கட்ட வேண்டும், எப்போது ஏணியே போதும் என்றெல்லாம் தீர்மானிப்பது அதன் வேலை. இருபது வருடமாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. வாரியம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சில கட்டடங்கள் பொறுமையிழந்து தாமாகவே இடிந்து உட்கார்ந்துவிட்டன. இடிந்த பிறகு உயரம் ஏது? அவை வாரியத்தின் ஆண்டறிக்கையில் 'தொழிலாளர் எவரும் கீழே விழாமல் நிறைவுற்ற பணிகள்' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன.

இப்போது பழுதாகியிருந்தது வாரியத்தின் சொந்தக் கட்டடம். மூன்றாவது மாடியின் சன்ஷேடு, சரியாக முன்வாசலுக்கு மேலே, பூச்சு விட்டு, உள்ளே கம்பி துருப்பிடித்து, வாரத்துக்கு ஒரு துண்டு உதிர்த்துக்கொண்டிருந்தது. வாரியம் உடனே நடவடிக்கை எடுத்தது. ஊழியர்கள் பின்வாசலைப் பயன்படுத்துவார்கள், பொதுமக்கள் முன்வாசலைப் பயன்படுத்தவும் என்று பலகை வைத்தார்கள்.

அந்தச் சன்ஷேடைச் சரிசெய்யும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. கையெழுத்தான நாளிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் 'பணி முடிக்காதவர்' என்ற பட்டியலில் பெயர் ஏறும். ஏறினால் மூன்று வருடத்துக்கு எந்தப் பொதுக் கட்டடத்தின் சுவரையும் தொட முடியாது. தனியார் வீடுகளில் அவனைக் கூப்பிட ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எல்லாரும் ஏணியைத்தான் காட்டுவார்கள். படுக்கையிலிருந்து எழுந்த அன்று, இனிமேல் சாரம் இருந்தால்தான் ஏறுவேன், ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்று அவன் தன் மனைவியிடம் சொல்லியிருந்தான். அண்ணி அதைக் கேட்டுத் தலையாட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவனுடைய பழைய ஏணியை எடுத்துக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்துவிட்டாள்.

சாரம் கட்டுகிறவர் அவர்களுடைய மாமாதான். கம்புகளும் கயிறும் பலகையும் முதல் நாளே கட்டடத்தின் பக்கத்தில் வந்து இறங்கிவிட்டன. "அரை நாள் வேலை," என்றார் மாமா. "காலைல ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி உன் அண்ணன் மேல நின்னு கதை அளந்துக்கிட்டு இருப்பான்."

அது மிகை இல்லை. அண்ணனுக்கு வேலையிடத்தில் ரேடியோ என்று பெயர். பூசும்போது பேசுவான், கலவை பிசையும்போது பேசுவான், ஆள் இல்லாவிட்டால் சுவரிடம் பேசுவான். அதனாலேயே அலுவலகங்களுக்கு அவனை அனுப்புவதில்லை. ஒரு முறை ஓர் அதிகாரியிடம், நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குக்கூட ஒரு கால் ஆடுது, அதை முதல்ல பாருங்க என்று நல்லெண்ணத்தில் சொல்லப்போய், விண்ணப்பம் நான்காகக் கிழிந்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்தி. பேசவும் மாட்டாள். அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று வீட்டில் முடிவானது. அவள் கம்பெனியில் பிற்பகல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, காலை நேரத்தில் வாரியத்தின் முன்வாசல் வழியாக, தலைக்கு மேல் பையைப் பிடித்தபடி ஓடி நுழையப் பழகினாள்.

விண்ணப்பத்தோடு வாரிய விதிகளின் மூன்று பிரதிகளை இணைக்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொண்டுவருகிறவர் தன் கையாலேயே எழுதியிருக்க வேண்டும். பிறகு யாரும் எனக்கு விதி தெரியாது என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? மொத்தம் நாற்பத்தொரு விதிகள். அவள் மூன்று தடவை எழுதினாள். மூன்றாவது தடவை எழுதும்போது மூலத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாரியத்தில் அத்தனை விதிகளையும் படித்தவள் தான் ஒருத்திதான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

எழுதும்போது இரண்டு விதிகள் அவளுக்கு வேடிக்கையாக இருந்தன. பதினான்காவது: தீர்மானத்தில் தலைவர் இடும் கையொப்பம், வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும் மட்டத்தில் நின்று இடப்பட வேண்டும். யாரோ ஒரு பழைய தலைவர், தோண்டாத கிணற்றுக்கு வீட்டிலிருந்தே சான்றிதழ் கொடுத்த பிறகு சேர்த்தது அது. இருபத்திரண்டாவது: கேட்டதற்கு வாயால் மறுப்புச் சொல்லாமல் தலைவர் அந்த இடத்தை விட்டுப் போனால், கேட்டதற்கு அவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். இதன் பின்கதையைக் கிளார்க் அம்மாவே சொன்னார். இப்போதைய தலைவருக்குக் கூட்டங்களில் கண் அயர்ந்துவிடும். மணி அடித்ததும் எழுந்து நேராக வீட்டுக்குப் போய்விடுவார். ஃபைல் அந்தரத்தில் தொங்கும். "மனுஷன் அந்தரத்துல தொங்கலாம்மா," என்றார் கிளார்க் அம்மா, நெஞ்சில் கைவைத்து. "ஃபைல் தொங்கக் கூடாது."

முதல் கூட்டம் பன்னிரண்டாம் நாள் நடந்தது. கதவோரமாக ஒரு ஸ்டூலில் அவளை உட்கார வைத்தார்கள். கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது என்றார்கள். அந்த நிபந்தனை அவளுக்காகவே செய்தது மாதிரி இருந்தது.

ஆறு மீட்டருக்கு மேல் போனால் சாரம் கட்டாயம் என்பது விதி. சன்ஷேடு ஆறு மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பது கண் உள்ள எவருக்கும் தெரியும். ஆனால் கண்ணை வாரியம் சான்றாக ஏற்பதில்லை. அளவு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று கேட்டார். தரையிலிருந்து என்றால் எந்தத் தரை? வாசலில் மூன்று படி இருக்கிறது. தொழிலாளி முதல் படியில் விழுவாரா, மூன்றாம் படியில் விழுவாரா என்று முன்கூட்டியே எழுதித் தருவாரா? அன்றைய பொழுது தரை எது என்பதிலேயே போனது. அடுத்த வாரம் தரை கிடைத்துவிட்டது. அளவு நாடாதான் கட்டையாக இருந்தது. வாரியத்தின் முத்திரை குத்திய நாடா ஐந்து மீட்டர் நீளம். வேறு நாடா செல்லாது. அதைச் சுவரில் வைத்து எட்டின வரை பிடித்துப் பார்த்து, 'உறுதியாகத் தெரிந்த உயரம் ஐந்து மீட்டர். அதற்கு மேல் உள்ளது ஆய்வுக்குரியது' என்று எழுதிக்கொண்டார்கள். தெரிந்த உயரத்துக்குச் சாரம் தேவையில்லை என்பது ஒருமனதாக நிறைவேறியது.

மூன்றாவது கூட்டத்தில்தான் அண்ணன் விழுந்த கணக்கு வந்தது. தலைவர் அன்று விழித்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் தங்க நிப்புப் பேனா, பேசும்போது மேசையைத் தடவிக்கொடுக்கிற கை.

"உயரம் உயரம்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க," என்றார். "யோசிச்சுப் பாருங்க. தொழிலாளி தரையில நிக்கிற வரைக்கும் உயரம்னு ஒண்ணு இருக்கா? அவன் ஏறுறான், அப்பத்தான் உயரம் உண்டாகுது. அப்ப உயரத்துக்குப் பொறுப்பு யாரு? ஏறுறவன்தான். சுவரு யாரையும் வான்னு கூப்பிடல. வாரியமும் கூப்பிடல. என் பதினாறு வருஷ அனுபவத்துல நான் ஒரு தடவைகூட விழுந்ததில்ல. ஏன்? நான் ஏறினதில்ல. கட்டுப்பாடுன்னா அது."

"ஆமோதிக்கிறேன்," என்றார் பக்கத்தில் இருந்தவர். அவருக்கு வேறு வேலை இல்லை. ஆமோதிப்பதற்காகவே அவரை நியமித்திருந்தார்கள்.

அதற்குள் நாற்பத்தெட்டு நாள் ஓடிவிட்டது. கிளார்க் அம்மாதான் வழி சொன்னார். குழு நேரில் பார்வையிட்டால் உயரத்தையும் ஆபத்தையும் ஒரே மூச்சில் தீர்மானித்துவிடலாம். பார்வையிடச் சன்ஷேடு மட்டத்துக்குப் போக வேண்டும். எப்படிப் போவது?

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, உறுப்பினர்களின் உயிர் விலைமதிப்பற்றது என்பதால் பார்வையிடுவதற்கென்று தனிச் சாரம் ஒன்று கட்டுவது என்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டு, ஆமோதிக்கப்பட்டு, நிறைவேறியது. சுவர்க் கடிகாரப்படி நான்கு நிமிடம். அளவு உறுப்பினர் தரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மாமாவிடம் வரைபடம் வந்தது. அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். ஏணிக்குப் பதில் அகலமான மரப்படிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி. பலகைமேல் கம்பளம். சுற்றிலும் வலை. மேலிருந்து பூச்சு உதிரும் என்பதால் தலைக்கு மேலே தகரக் கூரை. ஐந்து நாற்காலி போட இடம். கட்டி முடிக்க ஐந்து நாள் பிடித்தது.

"முப்பது வருஷமா சாரம் கட்டுறேன்," என்று மாமா அவளிடம் சொன்னார். "இந்த மாதிரி கட்டினதில்லம்மா. இதுல ஒரு ரூம் காலியா இருக்கு, வாடகைக்கு விடலாம்."

சாரத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கரணையையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவர்கள் பார்த்துவிட்டு இறங்கியதும் தான் ஏறி, இரண்டே நாளில் வேலையை முடித்துவிடுவதாகச் சொன்னான். கிளார்க் அம்மா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டார். அந்தச் சாரம் பார்வையிடுவதற்கு அனுமதிக்கப்பட்டது. தொழிலாளி ஒருவர் கால் வைத்தால் அந்த நிமிடமே அது வேலைச் சாரம் ஆகிவிடும். வேலைச் சாரத்துக்குத்தான் இன்னும் அனுமதி இல்லையே!

"அப்ப நான் ஏறி, கண்ணால பூசிட்டு வந்துரட்டுமா மேடம்?" என்றான் அண்ணன்.

கிளார்க் அம்மா சற்று யோசித்தார். அதற்கு விதியில் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

ஐம்பத்தைந்தாம் நாள் காலையில் குழு மேலேறியது. ஐந்து நாற்காலிகள் போனபின் ஒரு ஃப்ளாஸ்க் போனது, பிஸ்கட் தட்டு போனது, போட்டோ எடுக்கிறவர் போனார். அவளும் அண்ணனும் மாமாவும் வாசலுக்கு எதிரே வெயிலில் நின்று பார்த்தார்கள். அளவு உறுப்பினர் ஒரு பரிசோதனை செய்தார். பேனா மூடி ஒன்றைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டி விட்டுவிட்டு, கீழே நின்ற கிளார்க் அம்மாவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். மூடிக்கு ஒரு கீறலும் இல்லை. 'விழுந்த பொருளுக்குச் சேதம் இல்லை' என்று குறிப்பில் ஏறியது.

பிறகு தலைவர் எழுந்தார். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கம்பளத்தின்மேல் காலை அகற்றி வைத்து, தகரக் கூரையின் நிழலில் நின்று பேசினார். குரல் தெருமுனை வரை கேட்டது.

"நான் இப்ப மூணாவது மாடி மட்டத்துல நிக்கிறேன். காலு நடுங்குதா? இல்ல. தலை சுத்துதா? இல்ல. கீழ விழுந்துருவோம்னு ஒரு நினைப்பு வருதா? சத்தியமா இல்ல. நல்ல காத்து வருது. இவ்வளவுதானா இந்த உயரம்? இதுக்குப் போயா இத்தனை நாள் ஆர்ப்பாட்டம் பண்ணினாங்க? சாரம் இல்லாம இங்க வேலை செய்ய முடியாதுன்னு சொல்றவங்க, ஒரு தடவை எங்களை மாதிரி இங்க வந்து நின்னு பாக்கணும். இந்த இடம் பூரண பாதுகாப்பா இருக்கு. ஏணியே போதும்."

"ஆமோதிக்கிறேன்," என்றது கூரைக்குள்ளிருந்து ஒரு குரல், பிஸ்கட் வாயோடு.

அவள் அண்ணனின் சட்டையை இழுத்தாள். "அண்ணே, அவங்க நிக்கிறதே சாரத்து மேலதானே?" என்றாள் காதருகில்.

"அதைச் சத்தமா சொல்லு," என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை வரை வந்தது. மேலே கைதட்டல் கிளம்பியது. வந்தது திரும்பிப் போய்விட்டது.

பார்வைச் சாரம் பயன் முடிந்துவிட்டதால் உடனே அவிழ்க்கப்பட வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு வந்தது. மாமா மூன்று நாளில் அவிழ்த்தார். வலையும் கம்பளமும் உள்ளே போயின. கம்புகளைச் சுவரோரமாக அடுக்கி வைத்தார். அவற்றை எடுத்துப்போக வண்டி வர வேண்டும். வண்டி நுழைய இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும்.

ஐம்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் கோழிக்கூண்டின் கதவைக் கழற்றினான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இன்னொரு ஏணியோடு அதைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மூன்றாவது மாடிக்கு ஒன்று எட்டாது. கட்டும்போதெல்லாம் பேசிக்கொண்டே இருந்தான். போன தடவை ஏணிமேல் ஒரு தப்பும் இல்லை, தரைதான் ஈரம் என்றான். இந்தத் தடவை தரை காய்ந்திருக்கிறது என்றான். காலையில் போய் இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தால் பட்டியலில் பெயர் ஏறாது என்றான். கண்ணை மூடிக்கொண்டு என்றதும் அண்ணி எழுந்து, திறந்து கிடந்த கூண்டிலிருந்து வெளியே வந்துவிட்ட கோழிகளைப் பிடிக்கப் போனாள். ஒன்றைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை ஏணி சுவரில் சாய்ந்தது. இரண்டு ஏணிகளும் சேர்கிற இடத்தில் லேசாக ஒரு வளைவு. அண்ணன் இடுப்பில் கரணையைச் செருகிக்கொண்டு, முதல் படியில் இடது காலை வைத்தான். கோணல் இடுப்புக்கு இடது கால்தான் வசதி. மாமா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். கிளார்க் அம்மா ஃபைலோடு வெளியே வந்து நின்றார்.

அவள் கண் அந்த ஃபைலின்மேல் விழுந்தது. மேலே இருந்த தாளில் தலைவர் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. சாரத்தின்மேல் போட்டோ எடுக்கிற மும்முரத்தில் யாரும் கையெழுத்தை நினைக்கவில்லை.

"மேடம்," என்றாள். கிளார்க் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். இந்தப் பெண்ணுக்குக் குரல் உண்டு என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "பதினாலாவது விதி மேடம். தலைவரு வேலை நடக்கிற மட்டத்துல நின்னுதான் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா ஃபைல் செல்லாது."

கிளார்க் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய், அவளே எழுதிக்கொடுத்த பிரதியைப் புரட்டினார். முத்து முத்தான கையெழுத்தில் பதினான்காவது விதி அப்படியே இருந்தது. "ஏறாதீங்க," என்று அண்ணனிடம் கத்தினார். "ஃபைல் முடியாம ஏறி விழுந்து தொலைச்சீங்கன்னா எந்தக் கணக்குல எழுதுறது?" அண்ணன் காலை எடுத்தான்.

தலைவர் பின்வாசல் வழியாக வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கீழேயே போட்டுவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். செல்லாதுங்க என்றார் கிளார்க் அம்மா. மறுபடியும் சாரம் கட்டச் சொல்லலாமே என்றார் தலைவர். கிளார்க் அம்மா ரொம்பப் பணிவாக, சாரம் தேவையில்லை என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போடச் சாரம் கட்டினால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். பிறகு, துளிக்கூடக் கள்ளமில்லாமல், "ஏணி பூரண பாதுகாப்புன்னு நீங்கதானேங்க சொன்னீங்க," என்றார்.

வாசலில் மனு கொடுக்க வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் தலைக்கு மேல் பிடித்திருந்த பைகளை இறக்கிவிட்டுத் தலைவரைப் பார்த்தார்கள். மற்ற உறுப்பினர்கள் ஜன்னலில் தெரிந்தார்கள். தலைவர் சிரித்தார். பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

முதல் படியில் நின்று, மக்களே, ஒரு தலைவர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதே என் கொள்கை, இதை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று முழுதாகப் பேசினார். மூன்றாம் படியில், ஏணி என்பது எளிமையான சாதனம் என்றார். ஆறாம் படியில், "நல்ல காத்து" என்றார். எட்டாம் படியில் "ம்" என்றார். பதினோராம் படி இரண்டு ஏணிகளும் சேர்கிற இடம். அங்கே கால் வைத்ததும் வளைவு மெல்ல உள்வாங்கி வெளியே வந்தது. ஏணி மூச்சு விடுவது போலிருந்தது. மேலே சன்ஷேடும் தன் பங்குக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை உதிர்த்தது. அது அவர் தோளைத் தொட்டுவிட்டுத் தரையில் போய்த் தூளானது.

தலைவர் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னம் படிக்கட்டையில் அழுந்தியது. கண்கள் மூடியிருந்தன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தங்க நிப்புப் பேனா பையிலிருந்து நழுவி விழுந்தது. இந்தப் பொருளுக்குச் சேதம் இருந்தது.

ஜன்னலிலிருந்து, "ஆமோதிக்கிறேன்," என்று ஒரு குரல் பழக்கதோஷத்தில் வந்து பாதியில் நின்றது.

அண்ணன்தான் ஏணியடிக்குப் போனான். மாமாவோடு சேர்ந்து இரண்டு கையாலும் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேச ஆரம்பித்தான்.

"ஐயா, கீழ பாக்காதீங்க. என் குரலை மட்டும் கேளுங்க. வலது காலை எடுங்க. அப்படியே கீழ. இன்னும் கொஞ்சம். கட்டை தட்டுப்படுதா? ஆங், அதுதான். இப்ப கையை. விடமாட்டேங்குதா? விடாது, எனக்கும் விடல. ஒவ்வொரு விரலா எடுங்க. சுண்டு விரல்ல இருந்து. நாங்க புடிச்சிருக்கோம். எனக்கு அன்னைக்கு அடியில புடிக்க ஆள் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். இடது காலு..."

இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு படிக்கு ஒரு கதை என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசிப் படியில் தலைவரின் கால் தரையைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தது. எந்தத் தரை என்று அவர் கேட்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கன்னத்தில் படிக்கட்டையின் தடம் பதிந்திருந்தது. அண்ணனின் முழங்கையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. குனிந்து அவனுடைய இடுப்பைப் பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்த அந்த இடுப்பை. ஒன்பதாவது கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது இதைத்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"என்னன்னு எழுதட்டுங்க?" என்றார் கிளார்க் அம்மா, ஃபைலைப் பிரித்தபடி.

தலைவரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் சுவரோரம் அடுக்கியிருந்த கம்புகளைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அண்ணன் ஏணியின் முதல் படியில் மறுபடியும் ஒரு கையை வைத்திருப்பதைப் பார்த்தாள். நாளைக்கு அறுபதாம் நாள். இரண்டு எட்டு முன்னால் வந்து, தலைவருக்கு நேரே நின்றாள். இந்த முறை தன் கால் பெருவிரலிடம் பேசவில்லை.

"ஐயா, நாங்க இந்த வேலைக்குச் சாரம் கட்டிக்கிறோம். வேணாம்னா, வாயைத் திறந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கிளார்க் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், கையிலிருந்த பிரதியைப் பார்த்தார், விரல் தானாக, மறுக்காமல் போனால் ஒப்புதல் என்கிற இருபத்திரண்டாவது விதியின்மேல் போய் நின்றது. ஓசையில்லாமல் பேனாவின் மூடியைத் திறந்தார்.

மாமா ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன், அந்த ரேடியோ, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

தலைவர் அவளைப் பார்த்தார். ஏணியை, அதன் பதினோராம் படியைப் பார்த்தார். வாய் திறந்தது. கொஞ்சம் காற்று உள்ளே போனது. அவ்வளவுதான். உடைந்த பேனாவைத் தாண்டி, சன்ஷேடுக்கு அடியில் வராமல் சுவரை விட்டு நன்றாக விலகி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்வாசலை நோக்கி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்து போனார்.